எதிர்ப்பின் மொழி: நியூயார்க்கின் ஆதரவுக் குடியிருப்பு விவாதம், 1974–2008

மனநோயுள்ள வீடற்றோருக்கு நிரந்தர வாடகை வீட்டையும், அதனோடு மருத்துவ, சமூகப் பணியாளர்களின் துணையையும் சேர்த்துத் தருவதே ஆதரவுக் குடியிருப்பு. நியூயார்க்கில் அப்படியொரு கட்டடம் வருகிறது என்றதும் அக்கம்பக்கத்தார் எழுப்பும் எதிர்ப்பைத் தன்னலம் என்றோ முன்முடிவு என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த எதிர்ப்பு எந்த வாதத்தை முன்வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதைச் சட்டமே பெருமளவு வகுத்துக்கொடுத்தது.

பின்னணி தெரிந்ததுதான். 1955இல் நியூயார்க் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 93,000 பேர் இருந்தார்கள். புதிய மருந்துகள் வந்தன. சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் 1963இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். நாடெங்கும் 1,500 மையங்கள் என்பது திட்டம். எழுந்தவை ஏறக்குறைய பாதிதான். மனநல மருத்துவமனையில் இருக்கும் 21 முதல் 64 வயது வரையிலானோருக்கு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பணம் தராது என்ற 1965ஆம் ஆண்டு விதியோ, அவர்களை வெளியே அனுப்புவதை மாநிலத்துக்கு ஆதாயமாக்கியது. வெளியே வந்தவர்களில் பலர் மேன்ஹாட்டனின் அப்பர் வெஸ்ட் சைடில் மலிவான ஒற்றை அறை விடுதிகளில் தங்கினர். அத்தகைய விடுதிகளைப் புதிதாகக் கட்ட நகரம் 1955இலேயே தடை விதித்திருந்தது. எழுபதுகளில் வரிச்சலுகை கிடைக்கவே, இருந்தவற்றையும் உரிமையாளர்கள் அடுக்குமாடிகளாக மாற்றினார்கள். அறை போனவர்களில் பலர் தெருவுக்கு வந்தார்கள்.

முதல் எதிர்வினை அப்பட்டமானது. லாங் தீவின் கடலோர நகரமான லாங் பீச், தொடர்ச்சியான மனநல சிகிச்சை தேவைப்படுவோர் உள்ளூர் விடுதிகளில் தங்குவதைத் தடுக்க ஆணை பிறப்பித்தது. 1974இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. ஆளைச் சுட்டி விலக்கும் வழி அதோடு அடைபட்டது.

1978இல் வந்தது படவான் சட்டம். குவீன்ஸைச் சேர்ந்த மாநில செனட்டர் ஃபிராங்க் படவானின் பெயரால் அறியப்படும் இது, மனநோயோ அறிவுசார் குறைபாடோ உள்ள 4 முதல் 14 பேர் வாழும் இல்லங்களுக்கானது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களை அடைத்துவைத்திருந்த வில்லோபுரூக் நிறுவனம் பற்றிய 1975ஆம் ஆண்டு நீதிமன்ற ஆணைக்குப் பின் அப்படிப்பட்ட இல்லங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. இடம் பற்றி அறிவித்த 40 நாட்களுக்குள் உள்ளாட்சி அதை ஏற்கலாம், மாற்றிடம் சொல்லலாம், அல்லது ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்க ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: இதே வகை இல்லங்கள் அங்கே அளவுக்கு மீறிக் குவிந்து, வட்டாரத்தின் இயல்பே மாறிவிடும் என்பது.

அதன்பின் பயமும் எண்ணிக்கையாகத்தான் பேசவேண்டியிருந்தது. 'அவர்கள் எங்களுக்கு வேண்டாம்' என்பது வழக்கில் நிற்காது. 'எங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே இத்தனை இருக்கின்றன' என்பது நிற்கக்கூடும். இதை வெறும் முகமூடி என்று சொல்லிவிட முடியாது. அப்பர் வெஸ்ட் சைடுக்காரர்கள் குவியலைப் பற்றிப் பேசியபோது உண்மையைத்தான் பேசினார்கள். பாரம் அவர்கள்மீது விழுந்தது. பணக்காரப் புறநகர்கள் தப்பித்தன. சட்டத்தின் குறை வேறிடத்தில் இருந்தது: உண்மையான புகாரும் மறைக்கப்பட்ட வெறுப்பும் ஒரே வாக்கியத்தில் ஒளிந்துகொள்ள அது இடம் தந்தது. 1989இல் திருத்திய நகரச் சாசனம் 'நியாயமான பங்கு' என்ற கொள்கையைச் சேர்த்தபோது அந்தக் கணக்குமொழி நகர நிர்வாகத்துக்கும் பரவியது.

இதற்கிடையே, 1979இல் ராபர்ட் ஹேய்ஸ் என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கு, 1981இல் வீடற்ற ஆண்களுக்குத் தங்குமிட உரிமையைப் பெற்றுத்தந்தது. ஆனால் தங்குமிடம் வீடு ஆகாது. 1980இல் பிரான்சிஸ்கன் துறவிகள் மேன்ஹாட்டனின் கிழக்கு 24ஆம் தெருவில் ஒரு பழைய விடுதியை வாங்கித் திறந்த செயின்ட் பிரான்சிஸ் இல்லமே ஆதரவுக் குடியிருப்புக்கு முன்னோடி. 1990இல் மாநிலமும் நகரமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் உருவாயின. 652 அறைகள் கொண்ட டைம்ஸ் சதுக்க விடுதியை ரோசேன் ஹேகர்டியின் காமன் கிரவுண்ட் அமைப்பு 1991இல் எடுத்துக்கொண்டது. முன்னாள் வீடற்றோரையும் குறைந்த வருமானத் தொழிலாளரையும் கலந்தே குடிவைத்தது. 'இங்கே அவர்கள் மட்டும் குவிகிறார்கள்' என்ற வாதத்துக்குக் கட்டடத்தின் உள்ளேயே சொன்ன பதில் அது.

இத்தகைய பெரிய கட்டடங்கள் படவான் சட்டத்தின் 14 பேர் வரம்புக்கு வெளியே இருந்தன. குடியிருப்பவர்கள் வாடகை ஒப்பந்தம் கொண்ட குடித்தனக்காரர்கள். ஆகவே சண்டை வட்டார மன்றங்களுக்கு நகர்ந்தது. நகரில் அவை 59. அவற்றின் வாக்கு ஆலோசனை மட்டுமே. தடுக்க அதிகாரம் இல்லாத கூட்டத்தில் கூச்சல் கூடுவதில் வியப்பில்லை.

வீட்டு விலை விழும் என்ற அச்சம் படவான் சட்டத்தில் ஆட்சேபமாக இடம்பெறவே இல்லை. ஆனால் அதுதான் பலரை மன்றக் கூட்டங்களுக்கு இழுத்துவந்தது. 2008இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபர்மன் மையம் நகரின் 123 ஆதரவுக் குடியிருப்புகளை ஆராய்ந்தபோது, 500 அடிக்குள் இருந்த வீடுகளின் விலை கட்டடம் திறந்த பின் விழவில்லை. அதே வட்டாரத்தின் மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சீராக உயர்ந்தது. ஆனால் நிலம் மலிவாகக் கிடைக்கும் வட்டாரங்களிலேயே கட்டுநர்கள் இடம் தேடுவதால் எழும் குவிதல் பற்றிய புகாருக்கு விலைக் கணக்கு பதிலாகாது. அந்தப் புகார் வட்டார மன்றங்களில் இன்னும் முடியவில்லை.