ஆனையிறவு வாடிவீடு

வன்னியில் பழைய கட்டிடம் ஒன்றில் இரண்டு இரவு தங்கிவர வேண்டுமென்று வரும் ஓகஸ்ட் விடுமுறைக்குத் திட்டம் போட்டுக் கொண்டிருக்கிறேன். பழைய சுவருக்குள் படுத்தெழும்பினால்தான் சரித்திரம் கொஞ்சமாவது உடம்பில் ஒட்டும் என்பது என் எண்ணம். ஆனால் வன்னியில் அப்படி ஓரிடம் தேடுவது லேசான காரியமல்ல.

முதலில் நினைவில் வந்தது ஆனையிறவு வாடிவீடு. கடலேரிக் கரையில் இருந்த அது ஒரு காலத்தில் ஒல்லாந்தரின் சிறு கோட்டை. போர்த்துக்கேயர் 1760 இல் கட்டியது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். போர்த்துக்கேயரோ 1658 இலேயே யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தவர்கள். நூறு வருடம் கழித்து வந்து கோட்டை கட்டினார்களாம்! ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதுவதால் வரும் வினை.

அந்த இடத்தில் காவல் எதற்கு? பெயரே சொல்கிறது, பாருங்கள். வன்னிக் காட்டில் பிடித்த ஆனைகளை ஆழங் குறைந்த அந்த நீரில் இறக்கிக் குடாநாட்டுக்கு நடத்திப் போனார்கள். வன்னியர்கள் ஒல்லாந்தருக்குச் செலுத்திய திறையும் ஆனைதான். பிறகு ஊர்காவற்றுறை, அங்கே கப்பலேறி இந்தியா. வங்காளத்திலும் கோல்கொண்டாவிலும் அவற்றை வாங்க ஆளிருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் காவலர் இருந்த இடத்தில் வழிப்போக்கர் படுத்தார்கள். வாடிவீடு அன்று உல்லாசத்துக்கானதல்ல. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்த லெனாட் வூல்ஃப், வோல்டேயரின் 90 தொகுதிகளோடு இலங்கைக்கு வந்த மனிதர், அநுராதபுரத்துக்கு வடக்கே தபால் மூட்டைகளின் மேல் மாட்டு வண்டியில் கிடந்துதான் காட்டைக் கடந்தார். அப்படி உடம்பு நொந்து வருபவனுக்கு ஒரு கூரையும் ஒரு கோப்பை தேநீரும் எவ்வளவு பெரிய விஷயம்! அதே வருடம் புகையிரதம் முழுத் தூரமும் ஓடத் தொடங்கியது.

1952 இல் ஆனையிறவில் இராணுவ முகாம் வந்தது. 1991 ஜூலைச் சண்டையில் வாடிவீட்டுப் பக்கமே போர்முனையாயிற்று. 2000 ஏப்ரலில் முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் மீண்டும் இராணுவத்தின் கைக்குப் போனது. 1991 இல் புலிகள் கவசமிட்டு ஓட்டிவந்த புல்டோசர் இன்று வீதியோரம் காட்சிக்கு நிற்கிறது. வாடிவீடு இல்லை. சண்டைக்கு வந்த வாகனம் நினைவுச் சின்னமாயிற்று. வழிப்போக்கருக்கு நிழல் கொடுத்த சுவரைப் பற்றிக் கேட்பாரில்லை.

ஆகவே ஆனைகள் போன வழியே நானும் போவதென்று தீர்மானித்தேன். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை, ஒல்லாந்தர் வாயில் ஹம்மன்ஹீல், கடற்படை நடத்தும் விடுதியாகிவிட்டது. பணம் கட்டினால் தங்கலாம். குடிநீர் முட்டுப்பட்டதால் 1658 மார்ச்சில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் ஒப்படைத்த கோட்டை அது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட இளைஞர்களை அடைத்து வைத்ததும் அங்கேதான். "மறியற்சாலையிலே விடுமுறைக் கட்டிலா?" என்று மனைவி கேட்கிறா. நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கூச்சம் உண்டு. அதற்காகவே ஒரு இரவோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் நாள் இரவு கிளிநொச்சியில் உறவினர் வீடு. மறுநாள் விடியற்காலை ஆனையிறவில் இறங்கிக் கரையோரம் கொஞ்சம் நடப்போம். ஓகஸ்டில் கடலேரி வற்றி, உப்புப் படிந்து வெளுத்துக் கிடக்கும். ஆனைகள் இறங்கிய ஆழம் எவ்வளவென்று கண்ணாலே பார்த்துவிடலாம்.