நீல விளக்கின் கீழ் நின்ற நல்லவர்

1950ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நீல விளக்கு’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில், ஜோர்ஜ் டிக்சன் என்ற முதிய கொன்ஸ்டபிள் ஓர் இளம் கொள்ளைக்காரனின் துப்பாக்கிக்கு இரையாகிறார். அதே டிக்சன் 1955 ஜூலையில் உயிர்பெற்றெழுந்து, ‘டொக் கிறீன் டிக்சன்’ என்ற பெயரில், 1976 மே வரை பி.பி.சி. தொலைக்காட்சியின் 432 நாடகங்களில் கடமை புரிந்தார். மாண்டவரை எழுப்பி இருபத்தொரு ஆண்டுகள் காவலுக்கு நிறுத்த வேண்டிய தேவை அச்சமுதாயத்துக்கு ஏன் ஏற்பட்டது?

சனிக்கிழமை மாலைகளில் பொலிஸ் நிலைய விளக்கின் கீழ் நின்று, டிக்சன் பார்வையாளருக்கு வணக்கம் கூறுவார். கதை முடிந்ததும் அதன் நீதியை எடுத்துரைத்து விடைபெறுவார். ஆயுதமில்லை, அதட்டலில்லை. வழிதவறிய சிறுவனுக்குத் தந்தையாகவும், சண்டையிடும் தம்பதிக்கு மத்தியஸ்தராகவும் அவர் விளங்கினார். அவ்வேடத்தைத் தாங்கிய ஜாக் வோர்னர், தொடர் முடிந்தபோது எண்பது வயதைக் கடந்திருந்தார்.

இப்பாத்திரத்தைத் தொலைக்காட்சிக்குப் படைத்தவர் டெட் வில்லிஸ். இளம் கம்யூனிஸ்டுகளின் இயக்கத்தில் முன்னின்றவர். லண்டனில் தொழிலாளர் நாடக அரங்கான யூனிற்றி தியேட்டரில் உழைத்தவர். அத்தகையவர் அரசின் காவலனை இலட்சிய மனிதனாக்கியது முரணாகத் தோன்றலாம். ஆனால், எளிய மக்களின் அன்றாடத் துயரங்களை அவர் அறிந்திருந்தார். தம் தெருவில் பிறந்து, தம் மொழியைப் பேசி, தம்மை மதிக்கும் ஒரு காவலன் வேண்டும் என்ற அம்மக்களின் விருப்பம் நியாயமானது. அவ்விருப்பத்துக்கே அவர் உருவம் கொடுத்தார்.

தவறு வேறிடத்தில் உள்ளது. நல்ல மனிதர் ஒருவரைக் காட்டும் கதை, அவர் அங்கம் வகிக்கும் நிறுவனமும் நல்லதே என்ற முடிவுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. ‘நீல விளக்கு’ படத்தின் இறுதியில், நாயோட்டப் பந்தய மைதானத்தில் கூடிய குற்றவாளிகளே கொலைகாரனைப் பிடிக்கப் பொலிசாருக்குத் துணை நிற்கின்றனர். சமுதாயம் ஒரே குடும்பம் என்பது அதன் கருத்து. குடும்பத்துக்குள் வர்க்கம் ஏது? எஜமான் யார் என்ற கேள்வி ஏது?

வாழ்க்கை அக்கேள்வியை எழுப்பவே செய்தது. 1963 ஜூலையில், கிரேக்க அரசியின் வருகையை எதிர்த்து லண்டனில் ஆர்ப்பாட்டம் செய்தோர் மீது, சலனர் என்ற துப்பறியும் சார்ஜன்ட் செங்கற்துண்டுகளைப் பொய்ச் சாட்சியமாகச் சுமத்தினார். கைதான கேலிச்சித்திரக்காரர் ஒருவரின் சட்டைப்பையில் செங்கற்தூள் இல்லாமையால் பொய் அம்பலமாயிற்று. சலனர் மனநோயாளியென மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர்கீழ்ப் பணியாற்றிய இளம் கொன்ஸ்டபிள்கள் மூவர் சிறை சென்றனர்.

கலையும் மௌனமாக இருக்கவில்லை. 1962 ஜனவரியில் தொடங்கிய ‘இசட் கார்ஸ்’ தொடரின் முதல் நாடகத்திலேயே, கணவனான பொலிஸ்காரனிடம் அடிபட்டுக் கண் கன்றிய மனைவி தோன்றினாள். லங்காஷயர் பொலிஸ் தலைவர் வெகுண்டெழுந்தார். காவலனும் குறையுள்ள மனிதனே என்று காட்டியது உண்மையில் ஒரு முன்னேற்றமே. ஆயினும் அதுவும் தனிமனிதனின் குணத்தோடு நின்றுகொண்டது.

ஜாக் வோர்னர் 1981 மே மாதத்தில் காலமானார். அவரது சவப்பெட்டியை உண்மையான பொலிசாரே சுமந்து சென்றனர். அதற்கு முந்திய மாதத்திலேதான், கரீபியன் மக்கள் செறிந்து வாழும் லண்டன் பிரிக்ஸ்டனில், சில நாட்களுக்குள் 943 பேர் வீதியில் மறிக்கப்பட்டுச் சோதனையிடப்பட்டனர், மக்கள் கொதித்தெழுந்தனர். அந்த இளைஞர்களை மறித்த தெருவில் டிக்சன் இல்லை. இருந்திருந்தாலும் கட்டளைக்குப் பணிந்திருப்பார்.

ஆகவே, எந்தப் பொலிஸ் நாடகத்தைப் பார்க்கும்போதும் காவலன் நல்லவனா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதையும் கேட்க வேண்டும். மாணவருக்கு நாம் கற்பிக்க வேண்டியதும் அக்கேள்வியையே.