பங்காளி கட்டிவிட்ட பேய்

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைப் பற்றிப் பேய்க் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பர்மாவிலிருந்து திரும்பாத ஐயா ராத்திரியில் முகப்பில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார் என்பார்கள். இரண்டாங்கட்டில் கொலுசுச் சத்தம் என்பார்கள். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள் நான். செத்துப்போனவர்களுக்குப் புதுச்சேலையும் வேட்டியும் வைத்துப் படைப்பு நடத்துகிற குடும்பத்துக்கு அவர்களைக் கண்டு என்ன பயம்?

இந்த வீடுகள் எழுந்தது கடல் தாண்டிய கொடுக்கல் வாங்கலில். 1930களின் மந்தத்தில் பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கைமாறியது. 1937இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அந்த விவசாயிகளின் வயிற்றெரிச்சலும் இந்த வீடுகளின் தேக்குத் தூண்களில் சேர்த்திதான் என்று நான் நினைக்கிறேன். 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான், 1948இல் பர்மாவில் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது, வரவு நின்றது. பிழைப்புக்காகச் சென்னை, மலேயா என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். வீடு நின்றது.

வீட்டை நிற்கவைத்தது புள்ளிக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி அவருக்கு ஓர் அறை, தனி அடுப்பு. மூன்று நான்கு தலைமுறையில் ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்கு. அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் முழு வீட்டையும் விற்க முடியாது; தன் பங்குக்காக முழுக் கூரையையும் மராமத்துப் பார்க்கவும் யாரும் முன்வர மாட்டார்கள்.

இங்கேதான் பேய் பயன்படுகிறது. எங்கள் பங்காளி ஒருவர் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். "காவக்காரன்கூட ராத்திரி தங்க மாட்டேங்கிறான், பொம்பளை அழுகிற சத்தமாம். வாங்க ஆளில்லை, வந்த விலைக்குத் தள்ளிருவோம்." பயந்தவர்கள் அடிமாட்டு விலைக்குப் பங்கை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கியவர் அவரேதான். பிறகு மேஸ்திரியைக் கூட்டிவந்து ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். கன அடிக் கணக்கில் பர்மா தேக்குக்கு என்ன விலை என்று அவருக்கு மனப்பாடம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் இந்தக் கதையின் மறுபாதி தெரியும். பிரித்த வீடுகளின் சாமான்கள் அங்கே விற்பனைக்கு இருக்கும். கஜலட்சுமி செதுக்கிய நிலை ஒன்றைப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் மஞ்சளும் குங்குமமும் ஏறி மரமே நிறம் மாறியிருந்தது. எத்தனை கைகள் வைத்த பொட்டோ!

எங்கள் வீட்டை அப்படிப் பிரிக்க முடியவில்லை. 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பின் பாகம் பிரியாத பூர்வீக வீட்டில் மகளுக்கும் பங்குண்டு. அதனால் என் அத்தையிடமும் கையெழுத்துக் கேட்டு வந்தார் அந்தப் பங்காளி. "அழுகிறது எங்க ஆத்தாவா இருந்தா நான் போய்க் கேட்டுக்கிறேன், நீ பத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புப்பா" என்றார் அத்தை. அந்த வாரமே பெட்டியோடு வந்து வளவில் குடியேறிவிட்டார். ஓடு மாற்ற ஆள் பேசியதும் அவர்தான்.