வரிசையைத் தாண்டும் சீட்டு

ஓசூரிலிருந்து 40 பேர் பஸ் பிடித்துப் பெங்களூர்ப் பக்கத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போயிருந்தோம். எங்களில் ஒருவர்தான் ராட்டின வரிசையில் நின்றார். மற்ற 39 பேரும் கடைசி நிமிஷத்தில் அவரோடு ஒட்டிக்கொண்டோம். பின்னால் கைக்குழந்தையோடு நின்ற அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எங்களுக்கு அமெரிக்காவில் அண்ணன்மார் உண்டு. அங்கே டிஸ்னி பூங்காக்களில், வரிசையில் காத்திருக்க இயலாதவர்களுக்கென்று ஓர் அட்டை கொடுத்தார்கள். கூட வரும் குடும்பமும் அவர்களோடு போகலாம். நியாயந்தானே? ஆனால் வசதியுள்ள குடும்பங்கள் உடல் ஊனமுற்றவரைக் கூலிக்கு அமர்த்தி, அவர் பின்னாலேயே நுழைவதாக 2013-ல் பத்திரிகைகளில் சேதி வந்தது. அவ்வருஷம் அக்டோபரில் அட்டையை நிறுத்தி, பிறகு வரவேண்டிய நேரத்தைக் குறித்துக் கொடுத்தார்கள். காத்திருப்பதையே தாங்கமுடியாத ஆட்டிஸக் குழந்தைகளின் பெற்றோர் 2014-ல் கோர்ட்டுப் படியேறினார்கள்.