அடமானம் மீட்ட தக்காளி

1930-கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம். லோகன் என்ற ஊரில், செங்குத்தான மலைப்பாதையின் அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். மேடு ஏற முடியாமல் கொதித்துப்போகும் லாரிகள்தான் அதன் வாடிக்கையாளர்கள். ஓனர் பெயர் எம்.சி.பைல்ஸ். ஊர் வைத்த பெயர், 'ரேடியேட்டர் சார்லி'.

சார்லிக்குப் பள்ளிப் படிப்பு கிடையாது. தலைக்கு மேல் கடன் மட்டும் இருந்தது. வீட்டின் மேல் 6,000 டாலர் அடமானம். அந்தக் காலத்து 6,000 டாலர் சார்!

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தக்காளி நட்டார்.

கிடைத்ததிலேயே பெரிய பழம் காய்க்கும் பத்துச் செடிகளை வட்டமாக நட்டார். நடுவில் 'ஜெர்மன் ஜான்சன்' என்ற பழைய ரகம் ஒன்று. குழந்தைகளுக்குக் காது சுத்தம் செய்வார்களே, அந்த ரப்பர் பம்ப்பை எடுத்துக்கொண்டார். சுற்றியிருந்த பூக்களின் மகரந்தத்தை உறிஞ்சி, நடுச்செடியின் பூக்களில் பீய்ச்சினார். அதில் வந்த விதைகளை மறுவருஷம் முளைக்கவைத்து, தேறிய செடியை மறுபடி நடுவில் வைத்து... இப்படியே ஆறேழு வருஷம்!

கடைசியில் குண்டு குண்டாகக் காய்க்கும் ஒரு ரகம் கைக்கு வந்தது. 1940-களில் ஒரு நாற்று ஒரு டாலர் என்று விற்றார். 200 மைல் தள்ளியிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கினார்கள். ஆறே வருஷத்தில் 6,000 டாலர் கடன் காலி. அந்த ரகத்துக்கு 'மார்ட்கேஜ் லிஃப்டர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம்ம ஊர் பாஷையில், அடமானம் மீட்டான்!

சரி, ஒரு பழத்துக்கு எங்கிருந்து வருகிறது இத்தனை பெரிய உடம்பு?

பூவைப் பாருங்கள். இப்படிப் பெருத்துக் காய்க்கும் பழைய ரகங்களில், சீசனின் ஆரம்பத்தில் சில பூக்கள் விசித்திரமாக மலரும். நாலைந்து பூக்களைச் சேர்த்து ஒட்டியதுபோல் அகலம். இதழ்களோ எண்ணி மாளாது. நடுவில் மெல்லிய குழலாக இருக்கவேண்டிய சூல்தண்டு, ரிப்பன்போல் தட்டையாக இருக்கும். காம்பும் பட்டையாகப் பெருத்திருக்கும். மொட்டு உருவாகும் நேரத்தில் குளிர் அடித்தால் இது இன்னும் அதிகம். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள், 'ஐயோ, நோய்!' என்று கிள்ளி எறிந்துவிடுவார்கள். ராட்சதப் பழம் வேண்டுமென்று போட்டிக்கு வளர்க்கிறவர்களோ அந்தப் பூவைத்தான் தேடி அலைவார்கள்.

நோயெல்லாம் இல்லை. தென்னமெரிக்காவில் விளைந்த காட்டுத் தக்காளி சுண்டைக்காய் சைஸ்தான். குறுக்கே வெட்டினால் உள்ளே இரண்டே அறை. பெரிய தக்காளியில் எட்டு, அதற்கும் மேலே. எப்படி? செடியின் நுனியில், 'போதும், வளர்ந்தது' என்று சொல்லும் ஒரு சமிக்ஞை உண்டு. இந்த ரகங்களில் அந்தக் குரல் பலவீனம். அதனால் நுனி பெருக்கிறது. பூவில் இதழும் சூலறையும் கூடுகின்றன. காரணமான மரபணுக் கோளாறை அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகக் குழுவினர் 2015-ல் விளக்கினார்கள்.

ஆனால், மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில், மத்திய அமெரிக்கப் பகுதி விவசாயிகள் அந்தக் கோணல் செடிகளின் விதையைத்தான் எடுத்து வைத்தார்கள். 1544-ல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி எழுதிவைத்த தக்காளியும் சப்பையானது, சுளை சுளையாகப் பிரிந்தது. ஐரோப்பா சந்தித்ததே இந்தக் கோணல் தக்காளியைத்தான்!

அப்புறம் வியாபாரம் குறுக்கே வந்தது. உருண்டையாக, வழவழப்பாக, எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தானே பெட்டியில் அடுக்க முடியும்? ஒஹையோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன் 1870-ல் 'பாரகன்' என்ற வழவழப்பான ரகத்தைக் கொண்டுவந்தார். சந்தை அந்த வழியே போனது. கோணல் தக்காளிகள் வீட்டுத் தோட்டங்களில் பதுங்கின. சார்லி நடுவில் நட்ட ஜெர்மன் ஜான்சனும் அப்படிப் பிழைத்த ரகங்களில் ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். நான் காமர்ஸ் படித்தவன். சார்லி செய்தது கணக்குப்படி மகா அசட்டுத்தனம்! அவருடைய ரகத்தில் விதை எடுத்துப் போட்டால் அதே பழம் திரும்ப வரும். ஒருமுறை நாற்று வாங்கினவர் மறுவருஷம் அவர் கடைப்பக்கம் வரவேண்டியதே இல்லை. கடன் தீர்ந்ததும் அதே தாராளத்தில்தான். 1985-ல், வர்ஜீனியாவில் பழைய விதைகளைக் காப்பாற்றிவரும் 'சதர்ன் எக்ஸ்போஷர்' விதை நிறுவனத்தின் கைக்கு அவருடைய ரகம் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவிவிட்டது.

உங்கள் மொட்டை மாடித் தொட்டியில், பட்டைக் காம்போடு கோணல்மாணலாக ஒரு பூ பூத்தால் கிள்ள அவசரப்படாதீர்கள். எப்பவோ, யாரோ ஒரு விவசாயி அந்தக் கோணலைக் கிள்ளி எறியாமல் விட்டார். அதனால்தான் தக்காளி சுண்டைக்காயாகவே நின்றுவிடவில்லை.