அலைச்சறுக்கு பழகுதல்

அலைச்சறுக்கு (சர்ஃபிங்) என்பது, கரை நோக்கி வந்து உடையும் அலையின் முகத்தில் பலகை மீது நின்றபடி சறுக்கிச் செல்லும் கடல் விளையாட்டு. பாலினீசியத் தீவுகளில், குறிப்பாக ஹவாயில், அரசரும் குடிகளும் ஆடிய ஆட்டம் இது. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்று, 2021 ஜூலையில் ஜப்பானின் சுரிகசாகி கடற்கரையில் நடந்தது. பனிச்சறுக்கு வண்டிக்குப் பனித்தடமும் குதிரையேற்றத்துக்குக் குதிரையும் வேண்டும். இதற்குக் கடலும் ஒரு பலகையும் போதும். ஒலிம்பிக் சாகச விளையாட்டுகளில் சாதாரண மனிதர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவற்றுள் இதுவும் ஒன்று.

ஒலிம்பிக்கில் இது இடம்பெற வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர் ஹவாயைச் சேர்ந்த டியூக் கஹானமோகு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். அவர் பயன்படுத்திய பலகை 16 அடி நீளம், ஏறத்தாழ 52 கிலோ எடை. அதைத் தூக்கிக் கடலுக்குக் கொண்டுபோகவே தனி உடல்வலு வேண்டியிருந்தது. 1950களில் நுரைப்பொருளால் செய்த இலகுவான பலகைகளும், 1970களில் பலகையைக் கணுக்காலோடு பிணைக்கும் கயிறும் வந்தன. அந்தக் கயிறு செய்த உதவி பெரிது. அதற்கு முன் விழுந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பலகையைத் தேடிக் கரைவரை நீந்த வேண்டியிருந்தது.

டோக்கியோவில் ஆடவர் தங்கம் வென்றவர் பிரேசிலின் இதாலோ ஃபெரேரா. அவருடைய தந்தை மீன் விற்றவர். மீன் வைக்கும் நுரைப்பெட்டியின் மூடியை எடுத்துக்கொண்டுதான் சிறுவன் ஃபெரேரா அலையில் இறங்கினான். அப்படித் தொடங்கியவர், இறுதிப்போட்டியின் தொடக்கத்திலேயே பலகை முறிந்தும் வேறொன்றை வாங்கிக்கொண்டு போய் வென்றார். மகளிர் தங்கம் ஹவாயின் கரிஸா மூருக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்கு, பாரிஸிலிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் அப்பால், தாஹிட்டித் தீவின் டியஹுபோவில் நடந்தது. அங்கே ஆழ்கடல் அலை திடீரெனப் பவளப்பாறைத் திட்டில் மோதிக் குழல்போல் சுருளும். கீழே கூரிய பாறை. புதியவர் பார்க்கலாம், இறங்கக்கூடாது.

போட்டியில் ஐந்து நடுவர்கள் ஒவ்வொரு அலைக்கும் பத்துக்கு மதிப்பெண் இடுவர். உச்சமும் தாழ்வும் நீக்கிச் சராசரி எடுத்து, வீரரின் சிறந்த இரண்டு அலைகளைக் கூட்டுவர். எத்தனை முறை விழுந்தார் என்பது கணக்கில் வராது. பழகுகிறவர்களுக்கு இதைவிட ஆறுதலான விதி வேறு விளையாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை.

பழகுவது மணலில் தொடங்குகிறது. எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள மென்பலகையைக் கரையில் வைத்து, அதன்மேல் குப்புறப் படுக்க வேண்டும். கால்விரல்கள் பலகையின் வால்பக்கம், பார்வை முன்னால். உள்ளங்கைகளை நெஞ்சுக்கு அருகில் ஊன்றி உடலை உயர்த்தி, ஒரே வீச்சில் இரண்டு பாதங்களையும் அடியில் கொண்டுவர வேண்டும். முழங்காலை ஊன்றி எழுவது சுலபமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடாது. எழுந்ததும் முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், கண் கரையில் இருக்க வேண்டும். பாதம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்த கணத்தில் ஆள் தண்ணீரில் இருப்பார். மணலில் இதை இருபது முப்பது முறை செய்தபின், இடுப்பளவு நீரில், ஏற்கெனவே உடைந்து வெண்ணுரையாக வரும் அலையில் பழகலாம். உடையாத பச்சை அலை அதற்கப்புறம்.

விழுவதற்கும் முறை உண்டு. தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும், பலகை திரும்பி வந்து அடிக்கும். அலைக்கும் தனக்கும் நடுவில் பலகையை ஒருபோதும் வைத்துக்கொள்ளக் கூடாது.

அலை ஏறத்தாழ தன் உயரத்தைப்போல் 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் உடையும். எனவே கடலடியில் மணல்மேடு எங்கே இருக்கிறது என்பதை அலை உடையும் இடமே காட்டிவிடுகிறது. இன்னொன்றையும் கண் பழக வேண்டும். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர், மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் வழியே கடலுக்குத் திரும்பும். அதுவே இழுவை நீரோட்டம். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாக, சற்றுக் கறுத்தோ மணல் கலங்கியோ தெரியும். நுரை கடல்பக்கம் நகரும். குளிக்க நல்ல இடம் என்று நம்பி அங்கே இறங்கியவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கையால் துழாவி வெளியேற வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். பலகைதான் மிதவை.

தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே கோவளமும் மாமல்லபுரமும் இதற்குப் பெயர்பெற்றவை. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகவே பழகி, பிறகு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். குப்பத்து இளைஞர்கள் பயிற்றுநர்களானார்கள். ‘கட்டுமரம்’ என்ற சொல்லையே உலகுக்குக் கொடுத்த கரையில் இது புது வித்தை அன்று என்றே சொல்ல வேண்டும். அலையைக் கணித்து ஏறுவது அவர்களுக்குத் தொழில். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தெற்கிலிருந்து நல்ல அலை வரும். காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று அலையின் முகத்தை வழவழப்பாக்கும். பிற்பகல் கடற்காற்று அதைக் கலைத்துவிடும். ஆகவே வகுப்புகள் விடியலில் தொடங்குகின்றன. வடகிழக்குப் பருவமழையின் கொந்தளிப்பில் புதியவர்களுக்கு வேலையில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்குடா, மே முதல் செப்டம்பர் வரை உலகெங்குமிருந்து ஆட்களை ஈர்க்கிறது. அங்கும் முதன்மை முனையை விட்டு, சிறு அலை வரும் பக்கத்துக் கரைகளில்தான் தொடங்க வேண்டும்.

ஓர் அலைக்கு ஒருவர் என்பது உலகெங்கும் எழுதாத சட்டம். அலை முதலில் உடையும் இடத்துக்கு அருகில் இருப்பவருக்கே அது உரியது; குறுக்கே புகுவது அவமரியாதை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நம் கரைகளில் இதற்கும் முந்திய உரிமை ஒன்று உண்டு. கரைவலை இழுக்கும் நேரத்தில் கயிற்றுக்கு அருகே போகக் கூடாது. படகு கரையேறும் பாதையில் நிற்கக் கூடாது.

2024 பாரிஸ் வரை ஒலிம்பிக் அலைச்சறுக்கில் இந்தியாவிலிருந்து ஒருவரும் ஆடியதில்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இப்போட்டி கலிஃபோர்னியாவின் டிரெஸ்டில்ஸ் கரையில் நடக்கவிருக்கிறது. அதைப் பார்த்து ஆசைப்பட்டுக் கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீச்சல் தெரியாவிட்டால் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். இறங்கும் முன், கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணனிடம் இன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்று இறங்காதீர்கள்.