கறுப்புத் திரை வழியா பக்கத்துப் பொட்டி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. 2007-ல சங்ககிரியில ஒரு லாரி ஆபீஸ். பேர் வேண்டாம். நம்ம சேலம், நாமக்கல் பக்கத்து ஆளுங்களுக்கு லாரி ஆபீஸ்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. எந்த வண்டி எங்க லோடு ஏத்துச்சு, டிரைவர் அட்வான்ஸ் எவ்வளவு, டீசல் எவ்வளவு, டயர் எப்ப மாத்தினது, ட்யூ எந்தத் தேதின்னு எல்லாமே கணக்குதான். அங்க மூணு கம்ப்யூட்டர், நடுவுல ஒரு ஸ்விட்ச். மூணு வருஷக் கணக்கும் ஒரே பொட்டியில, 'கணக்கு'ங்கிற ஷேர்டு ஃபோல்டர்ல இருந்தது. மத்த ரெண்டு பொட்டியிலயும் அதைத்தான் திறந்து எழுதுவாங்க. பேக்கப்பா? அப்படின்னா? :-)

ஒரு நாள் முதலாளி அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, ஃபோல்டரெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. தொறந்தா மெசின் நின்னுக்குது. என்னன்னு வந்து பாரு கண்ணு."

அந்தக் காலத்துல பொட்டி தட்டினவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும். ஃபோல்டர் மாதிரியே மஞ்சப் படம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும் வைரஸ். பேருக்குப் பின்னாடி இருக்கிற 'எக்ஸி' வாலை விண்டோஸ் மறைச்சிரும். ஃபோல்டர்னு நம்பி டபுள் கிளிக் பண்ணினா அந்தப் பொட்டியும் போச்சு. மூணுல ரெண்டு ஏற்கனவே போயாச்சு.

என்கிட்ட இருந்தது ஒரு நாப்பிக்ஸ் சிடி. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாம சிடியிலேயே ஓடுற லினக்ஸ். மூணாவது பொட்டியை அதுல கிளப்பி, கறுப்புத் திரையில 'எஸ்எம்பிகிளையண்ட்'னு அடிச்சு, கணக்குப் பொட்டியோட பேரையும் ஷேர் பேரையும் குடுத்தேன். பாஸ்வேர்டே கேக்கலை, திறந்துக்கிச்சு! (இதுக்குக் கடைசியில வர்றேன்.) 'எல்எஸ்'னு அடிச்சதும் பட்டியல் வந்தது. நிஜ ஃபோல்டருக்கு நேரா 'டி'ன்னு ஒரு எழுத்து இருக்கும். போலிக்கு அது இருக்காது, வாலும் மறையாம அப்படியே தெரியும். படத்துல ஏமாத்தினது எழுத்துல மாட்டிக்கிச்சு. மாசாமாசம் ஃபோல்டருக்குள்ள போய் 'எம்கெட்' குடுத்து எக்செல் ஃபைல்களை மட்டும் இழுத்து பென் டிரைவ்ல போட்டேன். மூணு வருஷக் கணக்கும் பொழைச்சது.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஒரே யோசனை. கணக்கு அண்ணனோடது. ஆனா அது இருந்த விண்டோஸ் பொட்டி பேசுற பாஷை யாரோடது? லினக்ஸுக்கு அது எப்படித் தெரிஞ்சது? அதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரமே இருக்குங்க.

1983-ல ஐபிஎம்ல பேரி ஃபைகன்பாம்னு ஒருத்தர். டாஸ்ல இருக்கிற ப்ரோக்ராம், வயருக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஃபைலையும் தன்னோட டிஸ்க்ல இருக்கிற மாதிரியே நினைச்சுத் திறக்கணும்னு ஒரு முறையை எழுதினார். தன்னோட இனிஷியலையே மொதல்ல அதுக்குப் பேரா வச்சிருந்தாராம். வெளிய வர்றதுக்குள்ள 'சர்வர் மெசேஜ் பிளாக்', அதாவது எஸ்எம்பின்னு ஆயிருச்சு. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்துச்சு. 'நெட் யூஸ்'னு அடிச்சு, ஒரு டிரைவ் எழுத்து, ரெண்டு பேக்ஸ்லாஷ், பொட்டி பேர், ஷேர் பேர் குடுத்தா பக்கத்துப் பொட்டியோட ஃபோல்டர் நம்ம பொட்டியில ஒரு டிரைவா வந்து உக்காந்துக்கும். டாஸ் காலத்துக் கட்டளை, இன்னிக்கும் வேலை செய்யுது. யூனிக்ஸ் பக்கம் சன் கம்பெனி 1984-ல என்எஃப்எஸ்னு தனியா ஒண்ணு கொண்டுவந்தது. ஆக ரெண்டு ஊர், ரெண்டு பாஷை.

நடுவுல பாலம் போட்டது ஒரு மாணவர். 1991 டிசம்பர், ஆஸ்திரேலியாவுல கான்பெரா. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அங்க பல்கலைக்கழகத்துல பிஹெச்டி பண்ணிக்கிட்டிருந்தார். யூனிக்ஸ் மெஷின்ல இருக்கிற ஃபைலை டாஸ் பொட்டியில பார்க்கணும், அவ்வளவுதான் ஆசை. டிஜிட்டல் கம்பெனியோட பாத்வொர்க்ஸ் சாஃப்ட்வேர், சர்வர்கிட்ட வயர்ல என்ன பேசுதுன்னு ஒட்டுக்கேட்டார். நம்மூர் லாரி கிளீனர் பையன் நாக்பூர் தாபாவுல உக்காந்து, நாலு பேர் பேசறதைக் கேட்டே இந்தி கத்துக்கிறான் பாருங்க, அதே கதைதான். கேட்டதை வச்சே ஒரு சர்வர் எழுதி 1992 ஜனவரியில வெளியிட்டார். அது எஸ்எம்பின்னே அப்ப அவருக்குத் தெரியாது! கொஞ்ச காலம் கழிச்சு மனைவியோட விண்டோஸ் பொட்டியைத் தன் லினக்ஸ் பொட்டியோட இணைக்கப் பார்த்தப்பதான், பழைய ப்ரோக்ராம் அதுக்கும் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதாம்.

1994-ல பேர் பிரச்சினை வந்தது. 'எஸ்எம்பிசர்வர்' எங்க டிரேட்மார்க்னு ஒரு கம்பெனி சொல்லிருச்சு. எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையா வர்ற வார்த்தைகளை அகராதி ஃபைல்ல 'கிரெப்' போட்டுத் தேடினார். கிடைச்சது 'சாம்பா'. நம்ம சம்பா நெல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை :-) நான் அடிச்ச எஸ்எம்பிகிளையண்ட் அந்த சாம்பாவோட சேர்ந்து வர்றதுதான்.

மைக்ரோசாஃப்ட் இந்தப் பாஷையோட இலக்கணத்தை முழுசா வெளிய சொல்லலை. ஐரோப்பிய கமிஷன் 2004-ல சொல்லித்தான் ஆகணும்னு உத்தரவு போட்டு, கேஸ் நடந்து, 2007 செப்டம்பர்ல கோர்ட்டும் அதையே சொல்லுச்சு. அந்த டிசம்பர்ல பத்தாயிரம் யூரோ ஒரே தடவை கட்டி, ஆவணங்களை சாம்பா குழு வாங்கிருச்சு. நான் சங்ககிரியில கணக்கு மீட்ட அதே வருஷம்! நம்ம எல்காட்டும் சி. உமாசங்கர் தலைமையில சூசே லினக்ஸ் பக்கம் திரும்பின காலம் அது. லினக்ஸும் விண்டோஸும் ஒரே ஆபீஸ்ல ஃபைல் பகிர்ந்துக்கணும்னா, நடுவுல சாம்பா மாதிரி ஒண்ணு வேணும்.

இப்ப அந்த பாஸ்வேர்ட் விஷயம். எனக்குக் கேக்காம திறந்த கதவு வைரஸுக்கும் அப்படித்தான் திறந்திருக்கும். அதைவிட மோசமா, 2017 மே 12-ல வான்னாக்ரை வந்தது. பழைய எஸ்எம்பி முதல் பதிப்புல இருந்த ஓட்டை வழியா, பாஸ்வேர்டே தேவைப்படாம பொட்டி பொட்டியாத் தாவி ஃபைல்களைப் பூட்டிட்டுப் பணம் கேட்டது. கேரளாவுல வயநாட்டுப் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டரும் மாட்டுச்சு. இத்தனைக்கும் அடைப்பு மார்ச் மாசமே வந்திருந்தது, பல பேர் போடலை. அந்த அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 பதிப்புல இருந்து, புதுசா இன்ஸ்டால் பண்ணினா அந்த முதல் பதிப்பு தானா வர்றதில்லை.

எனக்குத் தோணுறது இதுதான். நம்ம கணக்கு நம்மளோடதா இருந்தா மட்டும் பத்தாது. அதை எடுக்கிற வழியும் ஒரே கம்பெனி கையில மாட்டாம இருக்கணும். கான்பெராவுல ஒருத்தர் வயர்ல காது வச்சதால சங்ககிரியில ஒரு ஆபீஸ் பொழைச்சது. ஆனா வழி இருக்குன்னு கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கவும் கூடாது.

அன்னிக்கு அண்ணன் பென் டிரைவை வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுட்டு, "இனி மாசாமாசம் இதுல ஏத்திக் குடுத்துரு கண்ணு"ன்னார். முதல் பேக்கப் அதுதான்.

உங்க ஆபீஸ்ல ஷேர்டு ஃபோல்டர் இருந்தா, பாஸ்வேர்ட் இருக்கான்னு இன்னிக்கு ஒரு தடவை பாத்துருங்க. இந்த மாதிரி மீட்ட கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.